மஞ்சள் வரிசை

கேட்டுவிடலாம், இப்போதே கேட்டுவிடலாம், பக்கத்து நாற்காலியில்தான் எங்கள் ஆபீஸ் ஆசீர் சார் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே கூப்பிடுவதற்குள் கேட்டால்தான் உண்டு. போனில் யாரிடமோ "வந்துட்டோம், வெளியதான் இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார், முடிக்கட்டும் என்று இருந்தேன், முடித்துவிட்டார், இப்போது கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார், அதையும் முடிக்கட்டும். வராந்தாவில் இரும்பு நாற்காலிகளை ஒன்றாகச் சேர்த்து அடித்திருக்கிறார்கள், ஒருவர் அசைந்தால் வரிசை முழுக்க அசைகிறது, என் முழங்கால் ஆடுவது அவருக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் திரும்பிப் பார்க்கிறார். "என்ன பேச்சி, பயமா இருக்கா? நீ சும்மா உக்காந்திரு. ஏதாவது கேட்டா நான் பேசிக்கிடுதேன்" என்கிறார், நான் தலையாட்டுகிறேன், தலையாட்டியதோடு கேட்க வேண்டியது கேட்காமல் போய்விட்டது. எனக்குப் பேர் பேச்சியம்மாள். பேச்சியம்மனுக்கு நேர்ந்து வைத்த பேர், வைத்தவர்களுக்கு என்ன தெரியும், எனக்கு வாய் திக்கும் என்று. எல்லாச் சொல்லும் திக்காது, உதடு ஒட்டித் திறக்க வேண்டிய சொல்தான், ப-வில் தொடங்கும் சொல், ம-வில் தொடங்கும் சொல், உதடுகள் சேரும், பிறகு திறக்காது. ஓட்டலில் பூரி சாப்பிட ஆசையாக இருக்கும், இட்லி என்று சொல்லிவிட்டு இட்லி சாப்பிடுவேன். இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான், கம்ப்யூட்டரிடம் வாயால் எதையும் சொல்ல வேண்டாம். இந்த டயாலிசிஸ் சென்டருக்கான சாஃப்ட்வேர் முழுவதும் என் கை எழுதியது, எந்த நோயாளி எந்தக் கிழமை எந்த மெஷினில் படுக்க வேண்டும் என்று அதுதான் இவர்களுக்குச் சொல்கிறது, ஆனால் நான் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. நேற்று டாக்டரே போன் பண்ணினாராம், எழுதின ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. எதற்கு? என்ன கேட்கப்போகிறார்? ஊரிலிருக்கும் மற்ற சொற்களை விட்டுவிட்டு இந்த இடத்துச் சொற்கள் எல்லாமே உதட்டில்தான் தொடங்குகின்றன, மெஷின், பேஷன்ட், பெட், பில், மஞ்சள்.

மஞ்சள்தான் தொந்தரவு. ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறவர்களை மற்றவர்கள் படுக்கும் மெஷினில் படுக்க வைக்கக் கூடாது, அவர்களுக்கென்று ஹாலின் கடைசியில் தனி மெஷின்கள், அவற்றில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும் என்று ஆசீர் சார்தான் தொடக்கத்தில் சொன்னார், நான் திரையிலும் அந்த வரிசைக்கு மஞ்சள் நிறம் கொடுத்தேன். அந்த நோயாளிகளில் ஒருவரின் பேரை யாராவது தெரியாமல் இழுத்துச் சாதாரண மெஷினில் போடப் பார்த்தால் திரை ஒப்புக்கொள்ளாது, சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்து நிற்கும். அந்தப் பூட்டுப் படத்தை நானே வரைந்தேன். போன வாரம் ஆசீர் சார் என் மேஜைக்கு வந்து, "பேச்சி, அந்த லாக்கை எடுத்திரச் சொல்லுதாங்க, சிஸ்டர்மாருக்கு ரொம்பத் தொந்தரவா இருக்காம்" என்றார். எந்த லாக் சார் என்று அவர் போனபிறகு மெசேஜ் அனுப்பினேன். "அதான், அந்த லாக்" என்று பதில் வந்தது. நிஜமாகவே எடுக்கணுமா சார் என்று இன்னொன்று அனுப்பினேன். "அவங்க ஆஸ்பத்திரி, அவங்களுக்குத் தெரியாதா, கேட்டதைச் செய்வோம்" என்று வந்தது, கூடவே ஒரு கும்பிடுகிற கை. செய்துவிட்டேன். ஒரே ஒரு வரியை எடுத்தால் போதும், எடுத்துவிட்டேன், என் மடியில் இருக்கிற லேப்டாப்பில் அது தயாராக இருக்கிறது, பேசி முடித்ததும் இங்கேயே போட்டுக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறோம். அவர் மேஜைக்கு நேரே போய் நின்று கேட்டிருக்கலாம். போகவில்லை. மெஷின் என்று சொல்ல வேண்டியிருக்கும், மஞ்சள் என்று சொல்ல வேண்டியிருக்கும், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எல்லோரும் தலையைத் தூக்குவார்கள். ஒருவேளை டாக்டர்களுக்கு வேறு ஏதாவது தெரிந்திருக்கும், புது மருந்து வந்திருக்கும், மெஷினையே கழுவிச் சுத்தம் செய்துவிடுகிறார்களோ என்னவோ, எனக்கென்ன தெரியும், நான் டாக்டரா. இப்படித்தான் போன வாரம் முழுவதும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்லி முடித்ததும் மறுபடி அந்த வரி வந்து நின்றது.

ஆசீர் சாரைக் குறை சொல்லவும் வாய் வராது. இன்டர்வியூவில் என் பேரிலேயே நான் சிக்கிக்கொண்டபோது மற்ற இரண்டு பேர் ஜன்னலைப் பார்த்தார்கள், இவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "எழுதிக் காட்டும்மா, அவசரமில்ல" என்றார். கிளையண்ட் யாரும் என்னோடு பேச நேராமல் இத்தனை நாள் காத்ததும் இவர்தான். எனக்காக மட்டுமில்லை, ஆபீஸில் எல்லோருக்கும் அதுதான் சட்டம். "எழுதுறவன் நேரா கிளையண்ட்கிட்டப் போனா ரெண்டுல ஒண்ணு நடக்கும். எல்லாம் முடியும்னு சொல்லி நம்மளக் கொல்லுவான், இல்ல எதுவும் முடியாதுன்னு சொல்லி அவங்களக் கொல்லுவான். நடுவுல நான் ஒருத்தன் வேணும்" என்பார், அதற்குச் சாட்சியாகச் சுடலைமணியின் கதையைச் சொல்வார். சுடலைமணி ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு நம்பரைக் கொடுத்துவிட்டான், தாலி கட்டுகிற நேரத்தில் பில் வரவில்லை என்று போன், மாலையும் கழுத்துமாக அவன் "பிரின்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் தாலியை வாங்கினானாம். சொல்லும்போதெல்லாம் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன், எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது, கதவை மூடிக்கொண்டு உள்ளே இருப்பது போல. ஆனால் கதவுக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு சொல் மட்டும் உள்ளே வருகிறது, லாக். யார் சொன்னது, எந்த முகத்தோடு சொன்னார்கள், எதைக் காட்டிச் சொன்னார்கள், எதுவும் இல்லாமல் சொல் மட்டும் வருகிறது. எதிரே கண்ணாடிக் கதவு வழியாக ஹால் தெரிகிறது. நான் சதுரம் சதுரமாகப் போட்டு வைத்திருந்த மெஷின்கள் இங்கே ஆளுயரம் நிற்கின்றன, உள்ளே சிவப்பாக ஏதோ சுற்றுகிறது, அது ஏதோ இல்லை, ரத்தம், எனக்குத் தெரிந்ததுதான். முதல் கட்டிலில் ஒரு டீச்சர், இடது கையில் குழாய்கள், வலது கையால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு தாளையும் திருப்பும்போது வாயால் பேனாவைக் கவ்விக்கொள்கிறார். ஹால் முடிகிற இடத்தில் மஞ்சள் டேப். அங்கே ஒரு பெரியவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுத் தூங்குகிறார். அவர் இருக்கிற இடத்துக்கும் டீச்சர் இருக்கிற இடத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது, நாலைந்து கட்டில்கள், கொஞ்சம் தரை, அப்புறம் நான் எடுத்துவிட்ட அந்த வரி. அவசரமான ஒரு காலையில் யாரோ ஒருவர் அவர் பேரை விரலால் இழுத்து டீச்சரின் மெஷினில் விடுவார், திரை சும்மா இருக்கும், சரி என்று பச்சைக் குறி காட்டும், அந்தப் பச்சைக் குறியையும் நான்தான் வரைந்தேன். டீச்சர் ஒரு தாளில் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதுகிறார். கேட்டுவிடலாம், ஆசீர் சார், சார் என்பதில் ஒன்றுமில்லை, அது எளிதாக வந்துவிடும், "சார்" என்றேன், அவர் திரும்பினார், அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்து, "டாக்டர் வரச் சொல்லுதாங்க" என்றார்.

டாக்டர் கோமதிநாயகத்தின் அறையில் ஏசி அதிகம், மேஜையில் சாஸர் போட்டு மூடிய டீ. கூப்பிட வந்த சிஸ்டரும் உள்ளேயே நின்றார், சட்டையில் ஜெசிந்தா என்று பேர், ஹாலுக்கு அவர்தான் இன்சார்ஜ் என்று ஆசீர் சார் என் காதில் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்து, "நீதான் எழுதுனதா? பேரென்னம்மா?" என்றார். உதடு சேர்ந்தது. அவ்வளவுதான். உள்ளே சொல் முழுசாக நிற்கிறது, தலையும் காலும் உள்ள சொல், காற்று தொண்டைவரை வந்து முட்டுகிறது, கண் தானாக மேலே போகிறது, தாடை ஒரு பக்கம் இழுக்கிறது, இழுப்பதை எதிரே இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிகிறது. "பேச்சியம்மாள் சார், எங்ககிட்ட இருக்கிறதுலேயே நல்லா எழுதுற பிள்ள" என்று ஆசீர் சார் எடுத்துக் கொடுத்தார், எல்லோரும் ஒரு மூச்சு விட்டார்கள், நானும். பிறகு அவர்கள் பேசினார்கள். ஆத்தூரில் இன்னொரு சென்டர் திறக்கப்போகிறார்களாம், அங்கேயும் இதே சாஃப்ட்வேர் வேண்டுமாம், அதற்காகத்தான் எழுதின ஆளைப் பார்க்க நினைத்தாராம், அவ்வளவுதானா, அதற்கா நான் ராத்திரியெல்லாம் உருண்டேன் என்று நினைத்து முடிக்கவில்லை, டாக்டர் எழுந்திருக்கிற மாதிரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டே, "அந்த லாக்கை எடுத்தாச்சா ஆசீர்? சிஸ்டர் தினமும் எங்கிட்டச் சண்டை" என்றார். "எடுத்தாச்சு சார், கையோட கொண்டு வந்திருக்கோம்." இப்போது சொல்லாவிட்டால் முடிந்தது, எழுந்துவிடுவார், கதவு திறக்கும், கட்டில்கள், டீச்சர், பேனாவைக் கவ்வுகிற வாய். "சார்" என்றேன், என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது, "சார், அந்த லாக் ம… ம…" என்று நின்றுவிட்டேன். ஆசீர் சார் உடனே, "மத்தியானத்துக்குள்ள போட்டிரலாம்ங்கா சார்" என்று முடித்துவைத்தார். எவ்வளவு பொருத்தமான சொல். ம-வில் தொடங்குகிறது, அர்த்தம் இருக்கிறது, எல்லோருக்கும் திருப்தி, டாக்டர் "ரொம்ப நல்லது" என்றுகூடச் சொல்லிவிட்டார். நான் அதை அப்படியே விட்டுவிடலாம். என் வாழ்க்கையில் இப்படி எத்தனை வாக்கியங்களை மற்றவர்கள் முடித்துவைத்திருக்கிறார்கள், நான் ஆமாம் என்று தலையாட்டி, கேட்டதற்குப் பதில் வேறு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், ஒரு தடவை கண்டக்டர் முடித்துவைத்ததற்குத் தலையாட்டி வேறு ஊரில் இறங்கியிருக்கிறேன். தலை ஆடத்தான் பார்த்தது. பக்கவாட்டில் ஆட்டினேன். "மத்தியானம் இல்ல" என்றேன், கோபத்தில் அந்த ம எப்படியோ வந்துவிட்டது, வந்த வேகத்தில் அடுத்ததும் வரும் என்று நம்பினேன், வரவில்லை, உதடு மறுபடி ஒட்டிக்கொண்டது, ஆசீர் சார் வாயைத் திறந்தார், நான் கையைத் தூக்கி அவரை நிறுத்தினேன், இதற்கு முன் அவர் முகத்துக்கு நேரே நான் கையைத் தூக்கியதில்லை. டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ம… ம… மஞ்சள். மஞ்சள் வரிசை லாக். அதையா எடுக்கச் சொன்னீங்க?"

சிஸ்டர்தான் முதலில் பேசினார். "மஞ்ச வரிசையா? அதை எதுக்குப் பிள்ளே எடுக்கப் போறோம்? நான் சொன்னது ஸ்கிரீன் லாக். கிளவுஸோட நிக்கும்போது சட்டுனு அணைஞ்சு போய்ப் பாஸ்வேர்டு கேக்குல்லா, ஒவ்வொரு தடவையும் கிளவுஸைக் கழத்தி, பாஸ்வேர்டு அடிச்சு, திரும்பக் கைகழுவி…" அவர் சொல்லச் சொல்ல என் காதுக்குள் ஏதோ அடைத்துத் திறந்தது. யாரும் தொடாமல் இருந்தால் திரை அணைந்துவிட வேண்டும் என்று நான்தான் எழுதியிருந்தேன், எழுதியதையே மறந்துவிட்டேன், அதற்கு லாக் என்று பேர் இருப்பதே எனக்குத் தோன்றியதில்லை, எனக்கு லாக் என்றால் நான் வரைந்த படம். டாக்டர் மெதுவாக, "அப்ப நீ எதைம்மா எடுத்திருக்கே?" என்றார். சொன்னேன். நின்று நின்றுதான் சொன்னேன், யாரும் நடுவில் வரவில்லை. "போட்டாச்சா?" "இல்ல சார். இன்னும் லேப்டாப்லதான் இருக்கு." அவர் டீயின் சாஸரை எடுத்தார், குடிக்காமல் திரும்ப மூடினார். சத்தம் போடவில்லை. "ஆசீர், இது இன்னிக்கு ஏறியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ரத்தம் டெஸ்ட் பண்ணும்போதுதான் தெரியும்" என்றார். பிறகு, "இனிமே சிஸ்டர் இந்தப் பிள்ளைகிட்டயே நேராப் பேசட்டும். நம்பரைக் குடுத்துட்டுப் போம்மா" என்றார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. போன் அடிக்கும், எடுக்க வேண்டும், எடுத்துப் பேச வேண்டும், மெசேஜ் போதாது, மெசேஜில்தானே இது நடந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் ஆசீர் சார் தண்ணீர் டிரம்மில் டம்ளரைப் பிடித்தார், தண்ணீர் விளிம்பில் ததும்பி அவர் சட்டையில் விழுந்தது. "அவங்க லாக்னு தான் சொன்னாங்க பேச்சி. நானும் லாக்னு தான் உங்கிட்டச் சொன்னேன். ஒரு எழுத்து மாத்தலை" என்றார். உண்மைதான். அவர் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, வாங்கிய சொல்லை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, யாராவது பொய் சொல்லியிருந்தால் அவர்மேல் கோபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். "உனக்குச் சந்தேகம்னா நேர வந்து கேட்டிருக்கக் கூடாதா?" என்றார், கேட்டுவிட்டு, ஏன் வரவில்லை என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும், டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி விடு. நானும் உன்ன உக்கார வச்சுக் கேட்டிருக்கணும். அந்தப் பழைய வரியத் திரும்பப் போட்டிரு" என்றார். போட்டேன், அங்கேயே அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து. போட்ட பிறகும் நாலு தடவை பேரை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

ஜெசிந்தா சிஸ்டர் விடவில்லை, "வா பிள்ளே, நீயே வந்து பாரு" என்று ஹாலுக்குள் கூட்டிப்போய்த் திரையின் முன்னால் நிறுத்தினார், ஆசீர் சார் காரை எடுக்கிறேன் என்று வாசல் பக்கம் போனார். எழுத்தைப் பெரிசாக்க முடியுமா என்றார், சரி என்றேன். கிளவுஸைக் கழற்றாமல் முழங்கையால் தட்டுகிற மாதிரி ஒரு பொத்தான் வேண்டும் என்றார், சரி என்றேன். பேஷன்ட் வீட்டுக்கு முந்தின நாளே போன் போக வேண்டும், சரி. நாள்காட்டியில் கார்த்திகை மார்கழி எல்லாம் வர வேண்டும், விரதம் இருக்கிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள், அதற்கும் சரி. எனக்கே தெரிகிறது நான் என்ன செய்கிறேன் என்று, இவை ஒரு மாச வேலை, சரி என்பது நாக்கில் வழுக்கிக்கொண்டு வருகிற சொல், மற்றது வராது, வருகிற சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சுடலைமணியும் இப்படித்தான் சொல்லியிருப்பான், ஆசீர் சார் சொல்கிற இரண்டாவது வகை ஆள் ஆகிவிடுவேன் என்று பயந்து முதல் வகை ஆகிவிட்டேன். அப்போது சிஸ்டர் குரலைத் தணித்து, மஞ்சள் வரிசையில் தூங்குகிற பெரியவரைக் கண்ணால் காட்டினார். "இன்னொண்ணு. டாக்டர்ட்டச் சொல்ல வேண்டாம். அந்த மஞ்ச லாக்கு இருக்கட்டும். ஆனா எனக்கு மட்டும், அவசரத்துக்கு, அதைத் தொறக்க ஒரு வழி வச்சுக் குடு. போன மாசம் அங்க ரெண்டு மெஷினும் ஒண்ணா ரிப்பேராகிப் படுத்துக்கிட்டு. இந்த மனுசன் மூச்சுவிட முடியாம வாசல்ல கிடந்தாரு. இந்தப் பக்கம் மெஷின் சும்மா நிக்குது. பாத்துக்கிட்டே நின்னேன் பிள்ளே." அவர் கண் கலங்கவில்லை, ஆனால் திரையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். சரி என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. இதே சிஸ்டர்தான் கொஞ்ச நேரம் முன்னால் அதை எதுக்குப் பிள்ளே எடுக்கப் போறோம் என்றார், அதுவும் நிஜம், இதுவும் நிஜம், இரண்டையும் ஒரே வாய்தான் சொல்கிறது, இதை எந்த மெசேஜில் எழுதி எனக்கு யார் அனுப்பியிருக்க முடியும். பின்னால் விடைத்தாள் திரும்புகிற சத்தம் கேட்கிறது. நான் உதடுகளைச் சேர்த்தேன். திறக்கவில்லை. சிஸ்டர் என் வாயையே பார்த்தார், முடித்துவைக்கவில்லை, வேறு பக்கம் திரும்பவில்லை, ஊசி போட நரம்பு தேடுகிறவர் மாதிரி அமைதியாக நின்றார். "மு… முடியாது சிஸ்டர்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "சரி" என்றார். "அப்ப அடுத்த தடவை அந்த மாதிரி ஆச்சுன்னா இவரை நான் எங்க படுக்க வைக்க? நீயே சொல்லு." குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார், பதில் என்னிடம் இருக்கும் என்று நம்பிக் கேட்டார். நான் வாசலைப் பார்த்தேன், ஆசீர் சார் கார்ச் சாவியோடு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிற்கிறார், இந்தக் கேள்வியை வாங்கி, மடித்து, பாதியை மட்டும் எனக்குக் கொடுக்க நடுவில் யாரும் இல்லை. ஆத்தூர் சென்டரில் தனி மெஷின் இருக்குமா, இருந்தால் இங்கே திரையில் அது காலியா என்று தெரியுமா, வழியில் மூச்சு தாங்குமா, ஆம்புலன்ஸ் யாரைக் கேட்டு வரும், எனக்கு ஒன்றுமே தெரியாது, இத்தனை நாள் எழுதியும் தெரியாது. "தெரியலை சிஸ்டர்" என்றேன். கட்டிலுக்கடியில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவரையும் உட்காரச் சொன்னேன். "அன்னிக்கு என்ன நடந்துச்சு? ம… முதல்ல இருந்து சொல்லுங்க."

"அன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்று தொடங்கினார் சிஸ்டர். "ஆட்டோவுல இருந்து இறங்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கூட யாரும் வரலை."